கால் படாத மண்

அம்மணிக்கு அப்பா எழுதுவது. இங்கே நாங்கள் சௌக்கியம், அங்கே உங்கள் சௌக்கியத்துக்குப் பதில் போடவும் என்றுதான் ஒவ்வொரு கடுதாசியையும் ஆரம்பிப்பேன். இந்த முறை அப்படி எழுதக் கை வரவில்லை. நான் பள்ளிக்கூடம் போனவன் இல்லை. பஜனைக் கூடத்து மணலில் விரலை வைத்து எழுத்துப் பழகியவன். கூட்டிக் கூட்டித்தான் எழுதுகிறேன். நீயும் மெதுவாகவே படி. நூல் கிடைக்காமல் தறி சும்மா கிடக்கிறது. சண்டை முடிகிற வரைக்கும் இப்படித்தான் என்று சேலத்து நூல்கடையில் சொல்லிவிட்டார்கள். அதனால் எழுத நேரம் இருக்கிறது. உன் அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள். எழுதுவதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுத வேண்டும் என்பது அவள் உத்தரவு.

குழந்தை போய்விட்டது என்ற தந்தி வந்தபோது அவள் ராட்டையின் முன்னால் உட்கார்ந்து, மிச்சமிருந்த நூலைத் தார்க்குச்சியில் சுற்றிக்கொண்டிருந்தாள். வந்தவர் முகத்தைப் பார்த்ததுமே ராட்டையை நிறுத்திவிட்டாள். நாங்கள் இரண்டு பேரும் அழுததை எழுதி உன்னை மறுபடியும் அழவைக்க எனக்கு விருப்பமில்லை. உன் குழந்தையை நாங்கள் ஒரு தடவைகூடத் தூக்கவில்லை. அது உன்னைப் போலச் சிரிக்குமா, மாப்பிள்ளை ஜாடையா என்று நாங்கள் போட்டுக்கொண்ட சண்டைக்குத் தீர்ப்பும் இல்லாமல் போயிற்று. அவ்வளவுதான் எழுதுவேன்.

அப்புறம் மாப்பிள்ளையின் கடுதாசி வந்தது. நீ சாப்பிடுவதில்லை, பேசுவதில்லை, அறையில் சுவரோரமாக உட்கார்ந்தபடியே இருக்கிறாய் என்று எழுதியிருந்தார். நல்ல மனுசர். மில்லில் இரண்டு ஆள் வேலை பார்த்துவிட்டு வந்து, சோறாக்கி உன் முன்னால் வைத்துவிட்டு, அது ஆறிப்போவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். கடைசியில் ஒரு வரி எழுதியிருந்தார். "மாமா, அவள் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். இந்த ஊரில் எங்கேயாவது கால் படாத மண்ணு இருக்குதா என்று கேட்டாள். எதற்கு என்று கேட்டால் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்கிறாள். எனக்கு விளங்கவில்லை. இங்கே கால் படாத இடமே கிடையாது. உங்களுக்கு ஏதாவது விளங்குகிறதா?"

எனக்கும் விளங்கவில்லை அம்மணி. ஆனால் அந்த வரியைப் படித்து முடிப்பதற்குள் உன் அம்மா எழுந்துவிட்டாள். தறிக்குப் பக்கத்தில் இருக்கிற மணத்தக்காளிச் சட்டியிடம் போய் அதன் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அவளுக்கு இன்னம் பால் சொரக்குதுங்க," என்றாள். "ஊத்தறதுக்கு எடமில்லாம உக்காந்திருக்கறா."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. பிள்ளை போன பிறகும் பால் நிற்காதே. அதை நடக்கிற இடத்தில் கொட்டக்கூடாது, அடுப்பில் விடக்கூடாது, செடியின் வேரில்தான் விட வேண்டும் என்று நம் பக்கத்துப் பெண்கள் எல்லாருக்கும் தெரியும். உனக்கும் யாரோ சொல்லியிருக்கிறார்கள். ஆனால் நீ இருப்பதோ மாடிக்கு மேல் மாடியாக அடுக்கின கட்டடத்தில் ஒரே ஒரு அறை. கீழே இறங்கினால் கல் பாவின முற்றம், பொதுக்குழாய், ஆயிரம் கால். நீ கேட்டது மாப்பிள்ளைக்கு எப்படி விளங்கும்?

உன் அம்மா அப்போதே புறப்பட்டாள். டிரங்குப் பெட்டியை இழுத்து இரண்டு சேலையை வைத்தாள். அவள் கால் வீங்கிக் கிடப்பதை நீ பார்த்ததில்லை. கோயில் வரைக்கும் போய் வருவதற்கே வழியில் உட்கார்ந்து எழ வேண்டியிருக்கிறது. ரயிலிலோ பட்டாளத்துக்காரர்கள் படிக்கட்டு வரைக்கும் தொங்கிக்கொண்டு போகிறார்களாம். நான் அவளைத் தடுக்கவில்லை. அவளே வாசல் வரைக்கும் போனாள், நிலையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள், திரும்பி வந்து பெட்டியின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"என்னால ஆவாதுங்க. நீங்க எழுதுங்க."

"என்னத்த எழுதறது புள்ள?"

"எல்லாத்தையும். அந்தச் சட்டியப் பத்தி எழுதுங்க. அவ வாங்குன அடியப் பத்தியும் எழுதுங்க."

அதனால்தான் இந்தக் கடுதாசி. கொஞ்சம் சுற்றி வளைத்துத்தான் வருவேன். பாவு நூலை நீட்டுகிறவன் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தே பழகினவன், நேராக ஒரு இடத்துக்குப் போய்ச் சேர எனக்குத் தெரியாது.

உனக்கு முன்னால் ஒருவன் பிறந்து போய்விட்டான் என்பது உன் காதில் எப்போதாவது விழுந்திருக்கும். அவனைப் பற்றி இந்த வீட்டில் யாரும் பேசி நீ கேட்டிருக்க மாட்டாய். அவன் தூளியை உத்தரத்தில், தறிக்கு நேர் பக்கத்தில் கட்டியிருந்தோம். தூளியிலிருந்து ஒரு கயிற்றை என் மிதிபலகையில் முடிந்து வைத்திருந்தேன். நான் மிதித்து நெய்ய நெய்யத் தூளி தானாக ஆடும். உன் அம்மா ஒரு கையால் ராட்டை சுற்ற வேண்டும், இன்னொரு கையால் நூலைப் பிடிக்க வேண்டும், தூளியாட்ட மூன்றாவது கைக்கு எங்கே போவாள்? தறிச் சத்தத்தில் நிம்மதியாகத் தூங்குவான் பயல். இழை அறுந்து முடிச்சுப்போட நான் தறியை நிறுத்தினால் உடனே விழித்துக்கொண்டு கத்துவான். இப்படி ஒரு மேஸ்திரி எனக்கு வாய்த்ததே இல்லை என்று நான் சொல்வேன். முழித்திருக்கும்போது முகத்தைச் சன்னல் பக்கம் திருப்பியே வைத்திருப்பான். எத்தனை தடவை திருப்பிப் போட்டாலும் கழுத்தைச் சாய்த்துக்கொண்டு அந்த வெளிச்சத்தைத்தான் பார்ப்பான்.

ஐப்பசி மழையில் காய்ச்சல் வந்தது, போய்விட்டான். அவனைப் புதைத்துவிட்டு வந்து நான் கயிற்றை அவிழ்த்தேன். வேறொன்றும் அதைப் பற்றிச் சொல்வதற்கில்லை.

அதற்கப்புறம் உன் அம்மா மாரில் பால் கட்டிக்கொண்டு ஜுரமாகக் கிடந்தாள். செல்லாயக்கா வந்தாள். உனக்கு அவளைத் தெரியும், நீ பிறந்தபோது பிரசவம் பார்த்தவளே அவள்தான். பிறந்த பிள்ளைக்கும் வருவாள், போன பிள்ளைக்கும் வருவாள். பீச்சி விடச் சொன்னாள். ஒரு சிறு கிண்ணத்தில் பால். அதை எடுத்துக்கொண்டு உன் அம்மா எழுந்து நின்றாளே, எங்கே போவது என்று தெரியவில்லை. நம் வீட்டுக்கு முன்னால் பாவடி. பாவு நூலை நீட்டிக் கஞ்சி போட விடிந்ததிலிருந்து தெருவே அங்கேதான் நடக்கிறது. பின்னால் ஒரு ஆள் ஒருக்களித்துப் போகிற சந்து. இரண்டு பக்கமும் அடுத்த வீட்டுச் சுவர். வீட்டுக்குப் பின்னால் பொடக்காலி என்று ஒன்று இருக்கிற குடியானவர்கள் வீட்டைப் பார்த்து நீ ஏங்குவாய், ஞாபகம் இருக்கிறதா? உன் அம்மா அன்றைக்கு அந்தக் கிண்ணத்தோடு வாசலுக்கும் சந்துக்கும் நடந்து நடந்து, கடைசியில் நான் காலைத் தொங்கவிட்டு நெய்கிற தறிக்குழியின் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

"ஏனக்கா, ஊட்டுக்குள்ள ஒரு சாண் மண்ணு இல்லியே," என்றாள்.

"இல்லாட்டி என்ன, கொண்டாந்தாப் போவுது. மண்ணு என்ன மைசூர்ல இருந்தா வரோணும்?" என்று செல்லாயக்கா கிளம்பிப் போனாள். வாய் உடைந்த சட்டி ஒன்றில் அவள் மாட்டுக்கொட்டகை வேலியோரம் முளைத்திருந்த மணத்தக்காளிக் கன்றை மண்ணோடு பெயர்த்துக் கொண்டுவந்து வைத்தாள். "இதுல ஊத்து. ஒருத்தங் காலும் படாது."

"இருட்டு ஊட்டுல இது பொழைக்குமாக்கா?"

"பொழைக்க வெய்யி."

அப்படித்தான் அம்மணி நம் வீட்டுக்குள் முதல் செடி வந்தது. கீரைக்கும் குழம்புக்கும் வரவில்லை. உன் அண்ணன் குடிக்காத பால் போய்ச் சேர்வதற்கு ஒரு இடம் வேண்டும் என்று வந்தது.

வந்ததே தவிர இருப்பதற்கு அதற்கு வெளிச்சம் இல்லை. நம் வீட்டில் ஒரே சன்னல், அது தறிக்கு நேரே. தறிக்காரனுக்கு வெளிச்சம் போனால் இழை தெரியாது, இழை தெரியாவிட்டால் சேலை வீண். சட்டியைச் சன்னலில் வைத்தால் என் துணியின் மேல் நிழல் விழும். எடுத்துக் கதவுப் பக்கம் வைப்பேன். நான் சாப்பிட எழுந்தால் அவள் கொண்டுபோய்ச் சன்னலில் வைப்பாள். நான் குழியில் இறங்கினால் வாய் பேசாமல் எடுத்துவிடுவாள். ஒரு நாளுக்கு எத்தனை தடவை அந்தச் சட்டி நடந்தது என்று எண்ணினவன் இல்லை. செடி வெளுத்து, நீண்டு, இலை சிறுத்துப் போயிற்று. ஒரு காலையில் அறுந்த இழையை முடிந்துவிட்டுத் தலையைத் தூக்கினேன். கதவோரத்திலிருந்து அந்தச் செடி கழுத்தைச் சாய்த்துச் சன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தது. யாரைப் போல என்று நான் எழுத வேண்டியதில்லை.

அந்தப் பாவை நெய்து அறுத்ததும் தறியைப் பிரித்தேன். குழியை ஒரு முழம் தள்ளி வேறாக வெட்டினேன். நீ தறிக்காரன் மகள், குழியை மாற்றுவது என்றால் என்ன என்று உனக்குத் தெரியும். பழைய குழியை மூடி, புதிதாக வெட்டிச் சாணம் மெழுகி, தூண் நட்டு, மட்டம் பார்த்து முடிப்பதற்குள் முதுகு கழன்றுவிடும். சன்னலில் ஒரு பக்கம் தறிக்கு, ஒரு பக்கம் சட்டிக்கு என்று ஆயிற்று. தெருவே வந்து எட்டிப் பார்த்தது. பக்கத்து வீட்டு ராமசாமி மாமன் கேட்டார், "ஏம்ப்பா, தறிய ஓரமா ஒதுக்கிப் போட்டிருக்கறயே, மாமியாளா வரப்போறா?" நான் சிரித்து வைத்தேன். உன் அம்மா ராட்டைக்குப் பின்னாலிருந்து என்னைப் பார்த்தாள். பிள்ளை போன பிறகு அவள் என் முகத்தை நேராகப் பார்த்தது அன்றைக்குத்தான்.

பால் கொஞ்சம் கொஞ்சமாக வற்றியது. அதற்கப்புறம் அரிசி கழுவின தண்ணீரை ஊற்றினாள். செடி கறுகறுவென்று இலை விட்டுப் பூத்தது. ஒரு செடி ஒண்டியாக இருக்கிறதே என்று பக்கத்தில் ஒரு ஓட்டைப் பானையில் புதினாக் குச்சியை ஊன்றினாள். அப்புறம் வெந்தயம், அப்புறம் மண்ணெண்ணெய் டின்னில் சிறுகீரை. அப்புறம் நீ பிறந்தாய். உனக்கு விவரம் தெரிந்தபோது வீட்டுக்குள் ஒரு தோட்டமே நின்றது. உத்தரத்துக்குக் கட்டின கழிவு நூல் கயிற்றில் பசலைக்கொடி ஏறிக் கூரை ஓட்டைத் தொட்டதும், நீ அதில் உன் பாவாடையைக் காயப்போட்டு அறுத்ததும் உனக்கே தெரியும்.

இந்த இடத்தில் கஞ்சிக் கதையைச் சொல்லாமல் தாண்ட மனமில்லை. உன் அம்மா கையை அசைத்து வேண்டாம் என்கிறாள், நான் சொல்வேன். பாவுக்குப் போட்ட அரிசிக் கஞ்சி ஒரு நாள் நிறைய மிஞ்சிவிட்டது. நூலுக்கு வலு கொடுக்கிற கஞ்சி செடிக்குக் கொடுக்காதா என்று நான் எல்லாச் சட்டியிலும் ஊற்றிவிட்டேன். நல்லெண்ணெய் வேறு கலந்த கஞ்சி. மறுநாள் பார்த்தால் மண் பாவு மாதிரி விறைத்துக் கிடக்கிறது, விரலால் தட்டினால் டங் என்கிறது. எறும்பு சாரை சாரையாக வந்தது, ராத்திரி எலியும் வந்து போயிருக்கிறது.

"ஏனுங்க, அந்தப் பசலைய அப்பிடியே அச்சுல கோத்து நெய்ய வேண்டீதுதான?" என்று உன் அம்மா கேட்டாள். அவள் அப்படிச் சிரித்துப் பேசி நான் கேட்டு வெகுநாள் ஆகியிருந்தது. அதனால் கஞ்சி ஊற்றினதற்கு நான் வருத்தப்படவே இல்லை. மணத்தக்காளிச் சட்டியில் மட்டும் நான் ஊற்றவில்லை. அதைத் தொட எனக்கும் கை போகாது.

இன்னொன்றையும் எழுதுகிறேன். மாசி பங்குனியில் அடிக்கிற காய்ந்த காற்றில் தெருவெல்லாம் இழை அறும், தண்ணீரைத் தெளித்துத் தெளித்து மாள்வார்கள். ஈரச் சட்டிகள் சுற்றி நின்றதால் நம் தறியில் அறுப்பு குறைந்தது. மாமியாருக்கு இடம் விட்டதாகக் கேலி பேசின ராமசாமி மாமனே அந்தக் கோடையில் ஒரு புதினாச் சட்டி கேட்டு வாங்கிப்போனார். "செடிக்குங் கூலி குடுக்கோணுமா?" என்று கேட்டதற்கு, "தெனம் அரிசி கழுவுன தண்ணி," என்றாள் உன் அம்மா.

இப்போது அந்த அடிக்கு வருகிறேன்.

உனக்கு முன்பல் விழுந்திருந்த வயசு. மணத்தக்காளியில் பழம் கறுப்பு மணியாகப் பழுத்து நின்றது. அதை யாரும் பறிப்பதில்லை, சன்னல் வழியாக வருகிற சிட்டுக்குருவிகள்தான் தின்னும். ஏன் பறிப்பதில்லை என்று உனக்கு யாரும் சொல்லவில்லை. மற்ற செடியிலெல்லாம் பறித்துக்கொண்டு வா என்று உன்னைத்தான் அனுப்புவாள், இதில் மட்டும் என்ன? நீ ஒரு கை நிறையப் பறித்து வாயில் போட்டுக்கொண்டாய். நான் நெய்துகொண்டிருந்தேன், பார்க்கவில்லை. உன் அம்மா தண்ணீர்க் குடத்தோடு உள்ளே வந்தாள். உன் உதடெல்லாம் கறுநீலமாக இருந்தது. குடத்தைக்கூட இறக்கவில்லை, உன் கன்னத்தில் அறைந்தாள். குடம் விழுந்து உடைந்தது.

அதற்கு முன்னும் பின்னும் அவள் உன்னைத் தொட்டு அடித்ததில்லை. நீ அழக்கூட மறந்து என் தறிக்குழிக்குள் இறங்கி என் காலுக்கடியில் உட்கார்ந்துகொண்டாய். "ஒரு பழத்துக்காப்பா? ஒரு பழத்துக்காப்பா?" என்று என் முழங்காலைப் பிடித்துக்கொண்டு கேட்டாய். எனக்குக் காரணம் தெரியும். சொல்லக்கூடாது என்று அவள் கண்ணாலேயே என்னை நிறுத்திவிட்டாள். சந்தில் போய் உட்கார்ந்து அழுதாள். நீ அது உடைந்த குடத்துக்கு அழுத அழுகை என்று நினைத்தாய்.

அன்றைக்கு அவள் என்னிடம் சொன்னதை இப்போது அவள் சொல்லச் சொல்ல எழுதுகிறேன். "அது அவம் பங்குங்க. அவங் குடிக்காதது அதுல போயிருக்குது. போனவம் பங்க இருக்கற புள்ள தின்னா என்னாவறது?"

அவளுக்குக் கோபம் இல்லை அம்மணி, பயம். போனவன் தன் பங்கைத் தின்றவளைத் தேடி வந்து கூட்டிக்கொண்டு போய்விடுவான் என்று பயம். யாரும் அவளுக்கு அப்படிச் சொல்லிக்கொடுக்கவில்லை, அவளே நினைத்துக்கொண்டாள். ஒருத்தனைப் பறிகொடுத்தவள் மனசு எதையும் நம்பும். அடித்த பிறகு எத்தனையோ நாள் உன் நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். காய்ச்சல் இருக்கிறதா என்று பார்த்தாள். நீ முறைத்துக்கொண்டு அவள் கையைத் தட்டிவிடுவாய். நீ தட்டிவிடுகிற வேகத்தைப் பார்த்து, புள்ளைக்கு ஒண்ணுமில்லை, தெம்பாக இருக்கிறாள் என்று அவள் நிம்மதிப்படுவாள். இதையும் நீ இன்றைக்குத்தான் தெரிந்துகொள்கிறாய்.

நீ அதை மறக்கவில்லை என்பது எங்களுக்குத் தெரியும். கல்யாணம் முடிந்து வண்டி ஏறும்போது உன் அம்மா அழுதாள். "அழுவாத. உனக்கு அந்தச் செடி இருக்குதல்ல, என்னைய விட அதானே உனக்குப் பெருசு," என்று சொன்னாய். எல்லாரும் சிரித்தார்கள், நீயும் சிரித்தாய். உன் அம்மா சிரித்துக்கொண்டே உள்ளே போய்விட்டாள். வண்டி தெரு முனை திரும்பும்போது நீ திரும்பிப் பார்த்தாய், வாசலில் நான் மட்டும் நின்றேன். அவள் சட்டிக்குப் பக்கத்தில் தரையில் கிடந்தாள். அப்போதே சொல்லியிருக்கலாம். எப்படிச் சொல்வது? கல்யாணமாகிப் போகிற பெண்ணிடம் செத்த பிள்ளையின் பேச்சை எடுப்பார்களா? நல்லதாகப் பிள்ளை குட்டி பெற்று வா என்றுதான் வாழ்த்துவார்கள். பேசாமல் இருந்தோம்.

இப்போது உனக்கு எல்லாம் விளங்கும். விளங்காமலே இருந்திருக்கலாம் என்று நினைக்கிறேன்.

இனி உன் அம்மா சொல்வதை எழுதுகிறேன். உங்கள் மில்லில் வேலை பார்க்கிற நம் தெருக்காரர் ஒருவர் லீவு முடிந்து திரும்புகிறார். அவரிடம் ஒரு பொட்டலம் கொடுத்து விடுகிறோம். அதில் ஒரு துணிமுடிச்சில் மண் இருக்கும், இன்னொன்றில் விதை இருக்கும். மண் அந்தச் சட்டி மண்ணேதான், ஒரு கைப்பிடி. மிச்சத்துக்கு அங்கே உள்ள மண்ணைச் சேர்த்துக்கொள். மாப்பிள்ளையிடம் சொன்னால் எங்கேயாவது மரத்தடியில் அள்ளிக்கொண்டு வருவார். பால்காரன் மாடு கட்டுகிற இடத்தில் காய்ந்த சாணி கிடைக்கும், கல்லில் தட்டிப் பொடியாக்கிக் கல. ஆட்டுப் புழுக்கை கிடைத்தால் இன்னும் நல்லது. பச்சையாகப் போடாதே, சூட்டில் வேர் வெந்துவிடும். ஒரு மண்ணெண்ணெய் டின் எடுத்து அடியில் ஆணியால் ஓட்டை போடு, அதன் மேல் உடைந்த ஓட்டுச் சில்லோ கரித்துண்டோ பரப்பு. மில்லிலிருந்து பஞ்சுக் கழிவைக் கொண்டுவந்து போடலாமா என்று மாப்பிள்ளை கேட்பார், அதில் மெஷின் எண்ணெய் இருக்கும், வேண்டாம். அடுப்புப் புகை படாமல் சன்னலில் வை. கொஞ்சம் வெளிச்சம் போதும், இருக்கிற வெளிச்சத்தைப் பார்த்து அது தானாகச் சாய்ந்துகொள்ளும். எங்கள் சட்டியை உன் அம்மா ஒரு நாளும் திருப்பி வைத்ததில்லை. பார்த்துக்கொண்டு போகட்டும் என்பாள். நீயும் அப்படியே விட்டுவிடு.

விரலை மண்ணில் விட்டுப் பார், ஈரம் தட்டாவிட்டால் மட்டும் தண்ணீர். முதலில் வெந்தயத்தைத் தூவிப் பார் என்கிறாள். அது சீக்கிரம் தலை காட்டும், அதைப் பார்த்தால் உனக்குக் கொஞ்சம் தெம்பு வரும். மணத்தக்காளி நாளாகும், காத்திரு. இலையில் பேன் பிடித்தால் அடுப்புச் சாம்பலைத் தூவு. எலி கிளறிப் போட்டால் அழாதே, மறுபடியும் போடு. முடிச்சில் நிறைய விதை வைத்திருக்கிறோம்.

இந்தக் கடுதாசியும் பொட்டலமும் வந்து சேர்வதற்குள் உனக்குப் பால் வற்றியிருக்கும். அதுவும் எங்களுக்குத் தெரியும். போன பால் எங்கே போனது என்று நினைத்து மருகாதே. பொதுக்குழாய் முற்றத்தில் போயிருந்தாலும் அதற்கப்புறம் அது மழைத் தண்ணீரோடு எங்கேயாவது ஒரு வேருக்குத்தான் போயிருக்கும். இதை நான் சொல்லவில்லை, உன் அம்மா சொல்கிறாள். நீ அரிசி கழுவின தண்ணீரை ஊற்று. ஊற்றும்போது வாய்விட்டு அழ வேண்டும் போல இருந்தால் அழு. உன் அம்மா அப்படித்தான் ஊற்றினாள், என் தறிச் சத்தத்தில் தெருவுக்குக் கேட்காது என்று. உனக்குத் தறிச் சத்தம் இல்லை. ஊரே சத்தமாக இருக்கும் என்று மாப்பிள்ளை எழுதியிருந்தார், அது போதும்.

விதை எங்கிருந்து வந்தது என்று எழுதிவிட்டு முடிக்கிறேன். செல்லாயக்கா வைத்த செடி எப்போதோ பட்டுப்போயிற்று. அதன் பழம் அதே சட்டியில் விழுந்து முளைத்து, அது பட்டு, அதன் பழம் விழுந்து முளைத்து, இன்றைக்கு நிற்பது அதன் எத்தனையாவது தலைமுறையோ. அதில் இதுவரைக்கும் உன்னைத் தவிர ஒருவரும் பழம் பறித்ததில்லை. உனக்கு விதை அனுப்ப வேண்டும் என்றதும் நான் குருவி சிந்தினதைப் பொறுக்கலாம் என்று குனிந்தேன்.

"பொறுக்க வேண்டாமுங்க," என்றாள் உன் அம்மா.

அவளே பறித்தாள். ஒவ்வொரு பழமாகப் பறித்து முந்தானையில் போட்டாள். எல்லாம் பறித்து முடித்த பிறகு ஒன்றை எடுத்துக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். அப்புறம் வாயில் போட்டுக்கொண்டாள். நான் பயந்து போய் அவளைப் பார்த்தேன்.

"எப்பிடி இருக்குது புள்ள?"

அவள் மென்று விழுங்கினாள். கண்ணில் தண்ணீர் வழிந்தது. உதடு உன் உதட்டைப் போலவே கறுநீலமாக இருந்தது.

"இனிக்குதுங்க," என்றாள். "பாவம் புள்ள, இதுக்கா அடிச்சேன்."

அதற்கப்புறம் அவள் உனக்கு எழுதச் சொன்னது இதுதான், அவள் சொன்னபடியே எழுதுகிறேன். செடி வளரும், பூக்கும், காய்க்கும். போன குழந்தையின் பங்கு என்று ஒதுக்கி வைத்துக்கொண்டு, குருவி தின்பதைப் பார்த்தபடி என்னைப் போல உட்கார்ந்திருக்காதே சாமி. பழுத்ததும் பறித்துத் தின்னு. மாப்பிள்ளைக்கும் கொடு. யாரும் அடிக்க மாட்டார்கள்.